கெண்டைக்கால் வீக்கம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் முழுநாள் நுண்ணோக்கிதான். கண்ணாடிக் குழாயின் உட்புறம் இரத்தக்குழாயின் உள்சுவரை வளர்த்து, அதன்மேல் இரத்தத்தை மெல்ல ஓடவிடுகிறோம். சுவர் நலமாக இருந்தால் வெள்ளையணுக்கள் வழுக்கிக்கொண்டு போய்விடும். காய்ச்சல் கண்டதுபோல் அதைச் சீண்டிவிட்டால் உருண்டு, தயங்கி, ஒட்டிக்கொள்கின்றன. பிறகு அவையே வலைபோல் ஒன்றை உமிழ்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு இரத்தம் உறைகிறது. பேராசிரியர் “அருமை” என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

மார்ச் 5, வியாழன்

இரண்டு வாரமாகக் கட்டிலில் கிடக்கும் அப்பாவுக்கு நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் குறைந்துவிட்டன. ஆனாலும் எழ முடியவில்லை. லாரி ஓட்டியவர். “இந்தக் கட்டில்ல ஹாரன்கூட இல்லையே!” என்கிறார்.

மார்ச் 7, சனி

அப்பாவுக்கு இடது கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது. ஒரு கால் மட்டும். தொட்டால் சுடுகிறது. அம்மா தைலம் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“அமுக்காதம்மா. உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம். அமுக்கினா நகர்ந்துடும்.”

“படுத்தே கிடந்தா ரத்தம் கட்டத்தான் செய்யும். நீவி விட்டா கரைஞ்சிடும்.”

வெள்ளையணு, குழாய்ச் சுவர், வலை — எல்லாம் சொன்னேன். அப்பா சிரித்தார். “டாக்டரம்மா, இது உங்க கண்ணாடிக் குழாய் இல்ல, என் காலு.”

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்ப்பா.”

“திங்கக்கிழமை பாத்துக்கலாம்.”

இந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியதே இல்லை. எப்படி உயர்த்துவது?

மார்ச் 8, ஞாயிறு

இன்றும் அம்மா காலை அமுக்கினாள். அவருக்கு இதமாக இருக்கிறதாம். கையைப் பிடித்து இழுத்தேன்.

“என்னடி, நான் என்ன கொலையா பண்றேன்?”

விட்டுவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சட்டை போட்டார். ஒரு கை நுழைத்ததும் மூச்சு வாங்கியது. உட்கார்ந்தார். அவ்வளவுதான். காலில் இருந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார் மருத்துவர்.

எது எங்கே ஒட்டும், எப்படி உறையும், எல்லாம் எனக்குத் தெரியுமே. தெரிஞ்சு என்ன கிழிச்சேன்?

மார்ச் 27, வெள்ளி

அப்பா போன பிறகு இன்றுதான் ஆய்வகம் போனேன். வெள்ளையணுக்கள் உருண்டு வந்தன. ஒட்டின. பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“நீ படிச்சவ. உண்மையச் சொல்லு. நான் அமுக்கினதாலயா?”

உறுதியாகச் சொல்ல முடியாது என்று அன்றே சொல்லியிருந்தார் மருத்துவர். எனக்கும் தெரியாது. கட்டி தானாகவும் நகரும். அமுக்கினாலும் நகரும்.

“இல்லம்மா. அது தானாப் போறதுதான். நான் படிச்சிருக்கேன்.”

என் முகத்தையே பார்த்தாள்.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.