இழுவைப் பந்தயத்தில் போன என் சின்னண்ணனுக்கு

என் பாசத்துக்குரிய சின்னண்ணே,

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு முதல் வருஷத் திதி. திருநகர் பிக்கப் ஸ்டாண்டில் தொடங்கி திருப்பரங்குன்றம் வரைக்கும் சுவரெல்லாம் உன் போஸ்டர்தான். கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, உன் வண்டியின் பானட்டில் கையை ஊன்றி நிற்கிறாய். பார்த்திருந்தால் நீயே நாலு வாங்கி வீட்டில் ஒட்டியிருப்பாய்.

ஆனால் படத்துக்குக் கீழே போட்டிருப்பதைப் படித்தாயா? ‘துரோகத்தில் சாய்ந்த எங்கள் சிங்கமே, உன் நினைவு நாளில் பதில் சொல்வோம்.’ துரோகி என்றால் யார் என்று ஸ்டாண்டில் டீ வாங்கி வருகிறவருக்குக்கூடத் தெரியும். என் வீட்டுக்காரர்தான். உன் மாப்ள செல்வம். பதில் என்றால் அவர் தலை. போஸ்டர் அடித்தது நம் பெரியண்ணன் பாண்டி. அடியில் சொந்தபந்தம் அத்தனை பேர் பெயரும் இருக்கிறது. உன்னோடு பிறந்த ஒரே பொம்பளை நான், என் பெயர் இல்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். இதை நோட்டீஸாக அச்சடித்து ஸ்டாண்டில் ஒவ்வொருத்தர் கையிலும் நானே திணிக்கப்போகிறேன். வாங்க மறுக்கிறவனின் சட்டைப்பைக்குள் செருகுவேன்.

அவரை எனக்குப் பார்த்துக் கட்டிவைத்தது யார், நீதானே? இரண்டு பேரும் ஒரே ஸ்டாண்டில் வண்டி ஓட்டினீர்கள். “பிரேக்க மிதிக்கிற பதத்தப் பாத்தேன் லச்சுமி, குடும்பத்த அலுங்காம ஓட்டுவான்” என்று வந்து சொன்னாய். அப்போது அவர் வாடகை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொந்தமாக ஒரு பிக்கப் எடுத்தார். எடுத்தது நீ வைத்திருந்த கம்பெனி வண்டி இல்லை, வேற கம்பெனி. அன்றைக்கு ஆரம்பித்தது சனியன்.

உன்னுடையது நீள மூக்கு வைத்த பெரிய வண்டி. சோழவந்தான் பக்கத்து வயலுக்குள் இறங்கி, ஈர வாழைத்தாரை அடுக்கிக்கொண்டு, வாய்க்கால் கரையில் முக்காமல் முனகாமல் ஏறிவரும். அவருடையது குட்டை மூக்கு. அந்தப் பாரத்தை இரண்டு நடையாகத்தான் கொண்டுவரும். ஆனால் இரண்டு நடைக்கும் சேர்த்து உன் ஒரு நடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக டீசல் குடிக்கும், டயரும் சீக்கிரத்தில் தேயாது, டவுன் சந்துக்குள் ஸ்டியரிங்கை ஒரே ஒடி ஒடித்தால் திரும்பிவிடும். சேற்று வயலுக்கு உன் வண்டி, தண்ணீர் கேனுக்கும் காய்கறிக்கும் அவர் வண்டி. இதுதானே விஷயம்? நான் எத்தனை தடவை சொன்னேன். இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கத்துவீர்கள்.

“மாப்ள, ஒன் வண்டியில சிமிட்டி மூட்டைய ஏத்துனா முன்வீலு அந்தரத்துல நிக்குமாம்ல?”

“நிக்கட்டும் மச்சான். ஒங்க வண்டி நெழல்ல நிப்பாட்டுனாக்கூட டீசல் குடிக்குமாம்ல?”

முதலில் அது கேலியாகத்தான் இருந்தது. நானே சிரித்திருக்கிறேன். போகப்போக ஸ்டாண்டே இரண்டாகப் பிரிந்தது. பஞ்சராகி நிற்கிறவனுக்கு எதிர்க்கட்சி வண்டிக்காரன் ஜாக்கி தரமாட்டான். மாட்டுத்தாவணியில் பூ மூட்டை இறக்கும்போது இரண்டு பக்கத்தாரும் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டார்கள். இரும்புக்கும் டீசலுக்கும் மனுஷன் இப்படி அடித்துக்கொள்வானா? நீங்கள் அடித்துக்கொண்டீர்கள்.

அப்புறம் குலசாமி கோயிலில் கிடாவெட்டு. சாப்பாடு முடிந்து, உள்ளே போன சரக்கு தலைக்கேறின நேரம். யார் வண்டி இழுக்கும் என்ற பேச்சு வந்தது. பேசியே தீர்த்திருக்கலாம். “வாய்ப்பேச்சு எதுக்குடா, கட்டி இழுத்துப் பாத்துருவோம்” என்றது நீதான். கோயிலுக்குப் பக்கத்தில் காய்ந்துகிடந்த கண்மாய்க்குள் இரண்டு வண்டியையும் இறக்கினீர்கள். பின்பக்கமும் பின்பக்கமும் பார்க்கிற மாதிரி நிறுத்தி, நடுவில் சங்கிலி போட்டு, ஆளுக்கொரு திசையில் இழுப்பது. எவன் வண்டி பின்னால் போகிறதோ அவன் தோற்றான்.

பெரியண்ணன் தன் டிராக்டரிலிருந்து சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் ஒரு கண்ணி அறுந்து, வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “மச்சான், இது வேணாம். கயிறு போட்டு இழுப்போம்” என்றார். பெரியண்ணன், “பயந்தா பொண்டாட்டி முந்தானைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கடா” என்று சங்கிலியைப் பிடுங்கி, இரண்டு கொக்கியிலும் தன் கையாலேயே மாட்டினார். இதை நான் கண்ணால் பார்த்தேன். நீயும் பார்த்தாய்.

புழுதிதான் பறந்தது, வண்டிகள் நகரவில்லை. அப்போது பெரியண்ணன் கரையில் நின்று கத்தினார்: “ரெண்டு பேரும் பின்னால வந்து ஒரு குத்து குத்தி இழுங்கடா!” சங்கிலி தொய்கிற அளவுக்குப் பின்னால் வந்தீர்கள். ஒரே வெட்டாக முன்னால் இழுத்தீர்கள். ஒட்டின கண்ணி விட்டது. சங்கிலி உன் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. நான் ஓடிவந்து கதவைத் திறந்தபோது ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துகிடந்தாய், பிடரி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. உன் கால் ஆக்சிலேட்டரை விட்டு எடுபடவில்லை. சாவியைத் திருகி வண்டியை அணைத்தது நான்தான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, சொல்கிறேன். உன் உடம்பை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே உன் பக்கத்தார் என் வீட்டுக்காரரைக் கீழே தள்ளிவிட்டார்கள். வேண்டுமென்றே குத்தி இழுத்துக் கொன்றுவிட்டான் என்று ஒருத்தன் சொன்னான், மற்றவனுக்கெல்லாம் அது போதும். பெரியண்ணன் கடப்பாரையால் அவர் வலது கையை இரண்டு இடத்தில் ஒடித்தார். நான் அவர் மேல் படுத்துக்கொண்டேன். எனக்கும் விழுந்தது, அடித்தது யாரென்று நான் பார்க்கவில்லை. அவர் வண்டியைக் கவிழ்த்து, டேங்கை உடைத்து, தீ வைத்தார்கள். கிடா வெந்த அடுப்பிலிருந்தே கொள்ளி எடுத்தார்கள். உன்னைத் தூக்கியபோது எனக்கு ஒரு கைப்பிடி வாய்க்கரிசி போட விடவில்லை.

அண்ணே, உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. “வேணாம்”னு ஒரு வார்த்தை உன் வாயில் வந்திருந்தால் இந்தக் கூத்து நின்றிருக்கும். ஏன் சொல்லவில்லை?

அவர் கைக்குள் கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்க வராது. அதனால் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், லைசன்ஸும் எடுத்துவிட்டேன். போன மாதம் புது வண்டி பார்க்கப் போனேன். ஷோரூம் தம்பி பாரம் எம்புட்டு ஏற்றலாம், டீசல் எம்புட்டு பிடிக்கும் என்று ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். அப்புறம், “பெரிய வண்டி எடுங்கக்கா, இழுவை பிரமாதமா இருக்கும்” என்றான். அவன் கழுத்தில் தொங்கின அட்டையைப் பிடித்து இழுத்து, “இழுவைன்னு இன்னொரு வார்த்த பேசுன, நாக்க அறுத்துருவேன்” என்றேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? சின்ன வண்டிதான் எடுத்தேன். எடுத்த கையோடு பட்டறைக்குக் கொண்டுபோய், பின்னால் இருந்த கொக்கியைக் கேஸ் வைத்து அறுத்து எறியச் சொன்னேன். பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் போஸ்டர். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வந்து, வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு போஸ்டரைச் சுவரிலிருந்து பிய்த்து வண்டியில் போட்டுக்கொண்டு, திருமங்கலம் ரோட்டைப் பிடித்து நேரே பெரியண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து அருவாளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நீ போன பிறகு அங்கேயே தங்கிவிட்ட உன் பெண்டாட்டி, என் மதினி, உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தது.

போஸ்டரை அவர் முகத்தில் எறிந்தேன். “யாரக் கேட்டுடி கிழிச்ச?” என்று எழுந்து ஓர் அறை விட்டார். உதடு கிழிந்துவிட்டது. வண்டிச் சாவி கையில்தான் இருந்தது. அந்தக் கையாலேயே திருப்பிக் குத்தினேன். அவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அண்ணன் என்று பார்த்து ஒதுங்கின காலமெல்லாம் அன்றைக்கு முடிந்தது.

“சங்கிலி யாரோடதுண்ணே?” என்று கேட்டேன்.

அவர் மூக்கைத் துடைத்தார்.

“ஒன் டிராக்டர் சங்கிலி. ஒட்டுப்போட்ட கண்ணி. அவரு வேணாம்னாரு, நீதான் மாட்டுன. குத்தி இழுங்கடான்னு கத்துனதும் நீதான். வெட்டணும்னா அந்தக் கையிலருந்து ஆரம்பி.”

மதினி முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து நின்றது. பெரியண்ணன் குந்தி உட்கார்ந்தார். வலது கையை நிலைப்படியின் மேல் நீட்டி வைத்தார். அருவாளை இடது கையால் என் பக்கம் தள்ளினார்.

“வெட்டு லச்சுமி. ஒரு வருசமா நானே வெட்டிக்கிறலாம்னு பாக்குறேன். தெகிரியம் வரல.”

எடுத்தேன் அண்ணே. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், வெட்டத்தான் எடுத்தேன். ஒடிந்த கை கண்முன் வந்தது, எரிந்த வண்டி வந்தது, உன் பிடரி வந்தது. ஓங்கினேன். மதினி தடுக்கவில்லை. பெரியண்ணன் கண்ணை மூடவும் இல்லை. அருவாள் அவர் விரலுக்குப் பக்கத்தில் நிலைப்படியில் இறங்கியது. கையை நான் திருப்பினேனா, தானாகத் திரும்பியதா? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பெரியண்ணன் அழுது நான் பார்த்ததே இல்லை. மண்ணில் முட்டி முட்டி அழுதார். மதினிதான் பேசியது. “ஒரு வருசமா அவுக வண்டி நிக்கிது. பேட்டரி செத்துப்போச்சு. வெட்ட ஆள் தேடுறத விட்டுட்டு, அத ஓட்ட ஒரு ஆளத் தேடுங்க” என்றது. நோட்டீஸ் போடப்போகிறேன் என்று சொன்னதும் பெரியண்ணன் தலையை நிமிர்த்தி, “எழுது. சங்கிலி என்னோடதுன்னு எழுது. என் பேரப் போட்டு எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “மன்னிச்சிரச் சொல்லி எங்கிட்ட வராத. இந்தக் கை மடங்கட்டும், அப்பறம் பாப்போம்” என்றார். நான் மன்னிக்கச் சொல்லவில்லை. எனக்கே இன்னும் அந்தக் கடப்பாரைச் சத்தம் காதில் கேட்கிறது. ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, “வெள்ளிக்கெழம எத்தன மணிக்குக் கெளம்பணும்?” என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை உன் சமாதிக்கு வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டு வருவேன். அவர் என் பக்கத்தில் உட்காருவார், பெரியண்ணன் பின்னால் பாரம் ஏற்றுகிற இடத்தில் நின்று வருவார். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டாம். உன் முன்னால் சேர்ந்து நின்று, சேர்ந்து கும்பிட்டால் போதும். வழியில் இவர்களில் ஒருத்தர் கை ஓங்கினாலும் ஜாக்கி ராடால் நானே இரண்டு பேர் காலையும் ஒடித்து உன்னிடம் கொண்டுவந்து சேர்ப்பேன்.

நீ பிறந்த வீட்டின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணே. உன் பெயரைச் சொல்லி இனி ஒருத்தன் ரத்தமும் சிந்த விடமாட்டேன். மீறிச் சிந்தத்தான் வேண்டும் என்று எவனாவது கிளம்பினால், அது என் வீட்டு ரத்தமாக இருக்காது.

இப்படிக்கு,
உன்னோடு பிறந்த ஒரே தங்கச்சி முத்துலட்சுமி,
அவள் பக்கத்தில், ஒடிந்த கையோடு உன் மாப்ள செல்வம்,
சங்கிலிக்குச் சொந்தக்காரனான உன் அண்ணன் பாண்டி.