சாட்சிக் கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதில்லையே? நார்த் டகோட்டா எண்ணெய் வயலில் குளிர் வந்துவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

விஸ்கான்சினிலிருந்து என் தபால் வாக்குச்சீட்டு வந்தது. உறைமேல் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்; அதற்கு அறைத்தோழன் டெரிலை விட்டால் ஆளில்லை. நான் இரண்டு பெரிய கட்சிகளையும் விட்டு மூன்றாவது கட்சிப் பெண் வேட்பாளருக்குப் போடப்போவது தெரிந்து ஒரு வாரமாகச் சண்டை பிடிப்பவனும் அவன்தான். நான் குறியிடுவதைச் சாட்சியும் பார்க்கக் கூடாது என்பது விதி என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். வாய் மட்டும் ஓயவில்லை.

“உங்க ஊர்ல இழுபறிடா! நீ இப்படிப் போட்டா ஓட்டுப் பிரிஞ்சு நமக்கு ஆகாத அந்த ஆளு ஜெயிச்சுடுவான்.”

“எங்க கெணத்துல மாட்டுப்பண்ணைச் சாணித் தண்ணி கலந்ததைப் பத்தி வேற யாருடா பேசினாங்க?”

“பேசி? அந்தம்மா ஜெயிக்கவா போறாங்க?”

நான் அந்தம்மாவுக்கே குறியிட்டு உறையை ஒட்டினேன். டெரில் திரும்பி வந்து உறைமேல் கையெழுத்துப் போட்டான். பிறகு மெதுவாக, “உங்கம்மா இப்ப எந்தத் தண்ணி குடிக்கிறாங்க?” என்றான்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. கம்பளிக் காலுறை அனுப்புங்கள், அவனுக்கும் ஒரு ஜோடி. தேர்தல் முடிவுக்கு முன்பே வந்து சேரட்டும். அதற்குப் பிறகு என் கையால் வாங்கிக்கொள்வானோ, மாட்டானோ.

உங்கள்
ரோலண்ட்