பின்னூட்டப் பெட்டி இல்லாத வலைப்பூ

அக்கா,

எல்லர்ஸ்லியிலேயே அடுத்த தெருவுக்கு நம் அலுவலகத்தை மாற்றுகிறார்கள். நேற்று என் இழுப்பறையை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய உறைக்குள் நான்கு தாள் துண்டுகள் கிடைத்தன. ஒன்றில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் கத்தரிக்கோலால் வெட்டிய பல் வைத்தியர்! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் சம்பளப் பிரிவு, நான் இணையதளப் பராமரிப்பு. மதியச் சாப்பாடுதான் நம்மைச் சேர்த்தது. ஒருநாள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினீர்கள். ஏதோ ஒரு பல் மருத்துவமனைக்காக யாரோ செய்து இலவசமாகப் போட்டிருந்த இணையப் பக்க டெம்ப்ளேட்.

“இத எனக்கு பிளாக்கா மாத்திக் கொடு லா. இந்தப் பச்சை நல்லா இருக்கு.”

“அக்கா, இது பல்லுக் கிளினிக்குக்குச் செய்தது.”

“பல்லைத் தூக்கிரு. பச்சைய விட்டுரு.”

ஒரே ஒரு பக்கம் எப்படி வலைப்பூ முழுவதற்கும் போடும் சட்டையாக, தீமாக, ஆகும் என்று கேட்டீர்கள். எனக்குச் சொல்லிப் புரியவைக்க வரவில்லை. அச்செடுத்துக் கொடுத்தேன். தலைப்பு, நடு, பக்கப்பட்டை, அடி என்று நீங்களே வெட்டி மேசையில் பரப்பினீர்கள். நடுவில் மாதிரி எழுத்து இருக்கும் இடத்தில், நீங்கள் எழுதுவதைக் கொண்டுவந்து வைக்கச் சில வரி நிரல் எழுதினால் போதும் என்றேன். போதவில்லை. ஆங்கிலத்துக்காக எழுத்துகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளி தமிழைச் சிதறடித்தது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். வரிகள் நெருங்கி, மேல் சுழிகள் வெட்டுப்பட்டன. “என் தமிழுக்கும் பல்லைப் புடுங்கிட்டியா?” என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று வாரம் சோற்றுப் பெட்டியை ஒரு கையில் பிடித்தபடி அதைச் சரிசெய்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

முடித்துக் காட்டிய அன்று, முதல் பதிவுக்குக் கீழே ‘0 பின்னூட்டங்கள்’ என்று இருந்தது. வாசிப்பவர்கள் பதில் எழுத நான் கேட்காமலே வைத்த பெட்டி. உங்கள் முகம் மாறிப்போனது.

“இத எடுத்துரு.”

“ஏன் அக்கா? வாசிக்கிற ஆக்கள் ஏதும் எழுதட்டுமே.”

“எடுன்னு சொல்றேன்ல.”

அதுவரை நீங்கள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. மறுநாள்தான் சொன்னீர்கள். ஊரில், கிள்ளானில், உங்கள் அம்மா இறந்தபோது உங்கள் பாஸ்போர்ட் விசாவுக்காகக் கொடுத்திருந்த இடத்தில் கிடந்தது, போக முடியவில்லை. காரியம் எல்லாவற்றையும் தனியாகச் செய்த உங்கள் தம்பி அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். போனை எடுப்பதில்லை. வலைப்பூவின் முகவரியை மட்டும் அத்தை மகள் வழியாக அவருக்கு அனுப்பியிருந்தீர்கள்.

“அவனுக்காகத்தான் எழுதப்போறேன். பெட்டி இருந்தா, அது காலியா கெடக்கிறத நான் தினம் பாக்கணும். இல்லன்னா, படிக்கிறான்னு நெனச்சுக்கலாம்.”

எடுத்துவிட்டேன்.

இரண்டு வருடம் எழுதினீர்கள். ஒனிஹங்கா ரயிலில் பார்த்த சண்டை, குளிர்காலத்தில் காயாத துணி, மனுக்காவ் கரையில் சேறு மட்டும் தெரியும் வற்று நேரம். அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘வடிவமைப்பு: என் எல்லர்ஸ்லி தங்கச்சி’ என்று போட்டீர்கள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை நீங்கள் வேலைக்கு வரவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

இறுதிச் சடங்குக்குத் தம்பி வந்திருந்தார். உங்களுக்கு இருந்த அதே அகன்ற நெற்றி. கூட்டத்துக்குள் விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“எல்லர்ஸ்லி தங்கச்சி நீங்கதானா? எல்லாத்தையும் படிச்சேங்க. ஒண்ணுவிடாம. படிச்சு முடிச்சு கீழ போய்ப் பார்ப்பேன், எழுத எடமே இருக்காது. என் பதில் அவளுக்கு வேணாம் போலன்னு விட்டுட்டேன்.”

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் அந்த நினைப்போடு விமானம் ஏறுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

“இல்லை அண்ணா. அக்காதான் அந்தப் பெட்டியை வேண்டாமெண்டு எடுப்பிச்சவ. நீங்கள் ஒண்டும் எழுதாமல் விட்டிடுவியளோ எண்டு பயந்தவ.”

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். “இப்ப வெச்சா எழுதலாமா?” என்று கேட்டார்.

வைத்தேன். நீங்கள் கோபிப்பீர்களோ என்று பயந்துகொண்டேதான் வைத்தேன். அவர் எழுதுவது முதலில் எனக்கு வரும். நான் அனுமதித்தால்தான் பக்கத்தில் ஏறும். மாதத்துக்கு ஒன்று, இரண்டு. எல்லாம் உங்களுக்கு எழுதியவை. அனுமதிக்கும் பொத்தானை அழுத்துவதுதான் நீங்கள் என்னிடம் விட்டுப்போன வேலை.

இன்று காலை வந்தது அந்த ரயில் சண்டைப் பதிவுக்கு: “நீ சும்மா பாத்துக்கிட்டா இருந்திருப்ப? நடுவுல போய் நாலு வார்த்தை பேசியிருப்ப, எனக்குத் தெரியாதா?”

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடேயே, “அக்கா, இஞ்ச பாருங்கோ, தம்பி என்ன எழுதியிருக்கிறார் எண்டு” என்று சொல்ல வாயெடுத்தேன்.