பள்ளிக்கூடத்துக்கு வந்த மாமன் சீர்

மச்சான் அவர்களுக்கு,

பென்சில் சீவிய மரத்தூள் வாசனை காலையிலிருந்து கூடத்தை விட்டு அகலவில்லை. இவ்வாண்டுக் கல்விச் சீருக்கான பெட்டிகளை உங்கள் மகன் நேற்று, அதாவது வைகாசிக் கடைசி ஞாயிறன்று, எங்கள் பெரம்பலூர் வீட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போனான். உங்கள் தங்கை பெட்டிக்கொரு வண்ணப் பென்சிலை எடுத்துச் சீவிப் பார்க்கிறாள். முனை ஒடிந்தால் அந்தப் பெட்டி கடைக்கே திரும்ப வேண்டும். "எங்கண்ணன் இருந்தா மொக்கைப் பென்சில சீர்ல வைக்க வுடுமா?" என்று என்னைக் கேட்கிறாள், நான்தான் அவற்றைச் செய்து விற்றவன் போல.

நீங்கள் மறைந்து ஓராண்டு கடந்துவிட்டது. திதிப்படியா தேதிப்படியா என்று கேலி செய்வீர்கள், இரண்டின்படியும் கடந்துவிட்டது. எனக்கு நாள், கிழமை தவறக் கூடாது. உங்களுக்கோ எல்லாமே 'வெங்காயம் புடுங்குன சமயம்' அல்லது 'பருத்தி எடுத்த சமயம்'. நம் முதல் கல்விச் சீர் ஆனி மாதத்து மூன்றாம் திங்கட்கிழமையன்று நடந்தது. இரண்டாம் திங்கள் என்றே கடைசிவரை சாதித்தீர்கள். இப்போதும் சொல்கிறேன், மூன்றாம் திங்கள்.

அது நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு. குன்னத்துக்குப் பக்கத்தில் உங்கள் ஊரிலுள்ள தொடக்கப் பள்ளிக்கே நான் தலைமையாசிரியராக மாற்றலாகி வந்திருந்தேன். ஊராரெல்லாம் ஆளுக்கொரு தட்டில் பள்ளிக்கு வேண்டிய பொருள்களை ஏந்தி, மேளதாளத்தோடு கொண்டுவந்து தரும் வழக்கம் சுற்று வட்டாரத்தில் அப்போது பரவிக்கொண்டிருந்தது. அதை நம் ஊரிலும் நடத்த வேண்டும் என்று நீங்கள் வந்து நின்றபோது, அலுவலகத்துக்கு எழுதி அனுமதி பெற வேண்டும், வந்த பொருள்களை இருப்பில் ஏற்ற வேண்டும் என்று நான் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுதுங்க மாப்ள, நல்லா எழுதுங்க. மேளத்துக்கு நான் சொல்லிட்டேன்" என்றீர்கள்.

உங்கள் அவசரத்தின் காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை. எங்களுக்குக் குழந்தையில்லை. தாய்மாமன் சீர் கொண்டுவர உங்களுக்கு ஒரு வீடு வாய்க்கவில்லை என்று மட்டுமே எண்ணியிருந்தேன். உங்கள் தங்கை காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் போவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். பத்திரிகை வரும், அவளுக்குத் தலைவலி வரும், நான் தனியாகப் போய்வருவேன். ஒரு வீட்டில் ஆரத்தி எடுக்கப் போனவளை, "நீங்க உக்காருங்க, அவங்க எடுக்கட்டும்" என்று யாரோ இதமாகச் சொல்லி உட்காரவைத்ததில் தொடங்கியது அந்தத் தலைவலி. அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

அன்று பள்ளிக்கூட விழாதானே என்று நம்பி அவளும் வந்திருந்தாள். தாய்மார்களுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் நின்றாள். மேலத்தெருவிலிருந்தும் கீழத்தெருவிலிருந்தும் தட்டுகள் வந்தன. கதைப் புத்தகங்கள், அகராதிகள், உலக உருண்டை, லென்சுகள், தராசு, வண்ணப் பென்சில்கள். ஒவ்வொரு தட்டிலும் வெற்றிலை பாக்கு, கதம்பம். முதல் தட்டு உங்கள் கையில். தலைமையாசிரியர் என்ற முறையில் நான் வாயிலில் இரு கைகளையும் நீட்டினேன். நீங்கள் தரவில்லை.

"தள்ளி நில்லுங்க மாப்ள. மாமன் சீர பொறந்தவ கையிலதான் குடுக்கணும். வாத்தியார் கையில குடுத்தா அது நன்கொடை."

பிறகு கூட்டத்தின் தலைக்குமேல் பார்த்துக் கூப்பிட்டீர்கள்: "பாப்பா, இங்க வா. இத்தினி புள்ளைக்கும் மாமன் நானு. அப்ப நீ யாருன்னு வந்து சொல்லு."

மேளம் நின்றுவிட்டது. பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து தட்டை வாங்கினாள். நான் தள்ளியே நின்றேன்.

ஊர்ப் பெண்கள் உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்கள், உலக உருண்டைக்கும்தான். குங்குமம் போய் விழுந்த இடம் மடகாஸ்கர். ஈரத்துணியால் துடைக்கப் போனேன். சீரில் வைத்த பொட்டை அழிக்கலாகாது என்று தடுத்தார்கள். அதனால் அப்பள்ளியில் படித்த எந்தப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் இந்தியா எங்கே என்று தேடுவதற்குமுன் மடகாஸ்கரைக் காட்டிவிடும்.

ஆனால் புத்தகங்களை எவரும் தொடவில்லை. அலமாரிக்குப் பூட்டில்லை, கதவுகூடச் சாத்தியிருக்கவில்லை. பிள்ளைகள் அதன்முன் கைகட்டி நின்று அட்டைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் எடுத்துக் கொடுத்தாலும் இரு விரலால் வாங்கி, திறக்காமலே திரும்ப வைத்தார்கள். ஆவணியில் ஒருநாள் வெங்காய லோடு ஏற்றிவிட்டு நீங்கள் பள்ளிக்குள் நுழைந்து ஒரு புத்தகத்தைப் பிரித்தீர்கள். ஒட்டுப் பிரியாத புதுத் தாள் படபடவென்று சத்தம் போட்டது. உங்கள் முகம் மாறியது. ஏன் யாரும் படிக்கவில்லை என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டீர்கள். நான்காம் வகுப்பு அபிநயா எழுந்தாள்.

"சீருங்க மாமா. அழுக்காயிடும், தொடக்கூடாதுன்னு அம்மா சொன்னிச்சு."

அவள் சொன்னதில் தவறில்லை. நம் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் யார் சோறு ஆக்குகிறார்கள்? துலக்கி, துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். நீங்கள் அப்படியே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தீர்கள்.

"சீர் வச்ச மாமனுக்கு விருந்து போடணும்ல? சோறு வேணாம். அதப் படிச்சுப் போடு."

அபிநயா ஓர் ஆமைக் கதையை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். உறங்கிவிட்டீர்கள் என்றே நினைத்தேன். திடீரென்று, "நடுக்கடல்ல இல்ல இருந்துச்சு? அதுக்குள்ள எப்படிக் கரைக்கு வந்துச்சு?" என்றீர்கள். அவள் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருந்தாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

மறுவாரத்திலிருந்து அது வழக்கமாயிற்று. தட்டு கொடுத்த வீட்டுக்கெல்லாம் பிள்ளைகள் மாலையில் போய் ஒரு கதை படித்துக் காட்ட வேண்டும். கீழத்தெரு அபிநயா மேலத்தெரு வீடொன்றின் கூடத்தில், நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். அவ்வீட்டுப் பெரியவர் கீழே அமர்ந்து கேட்டார். அதைப் பற்றி ஊரில் ஒருவரும் வாய் திறந்து பேசவில்லை, எல்லோரும் பார்த்தார்கள்.

நான் பணிக்காலம் முழுதும் பாடம் சொல்லிக்கொடுத்தவன். பிள்ளைகள் பதில் சொல்வார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த ஆண்டு கேட்டார்கள். ஓடையில் பொறுக்கிய சங்கு பதிந்த கல்லை லென்சின்கீழ் வைத்து, கடல் புத்தகத்துப் படத்தோடு ஒத்துப் பார்த்து, "சார், நம்ம ஊரு கடலா இருந்திச்சா?" என்றது ஒரு கூட்டம். ஆமாம் என்றேன். அப்படியென்றால் தண்ணீர் எங்கே போயிற்று என்றார்கள். அதற்கு, இப்படிப்பட்ட கற்களுக்குப் பேர்போன அரியலூர் போய் விசாரித்து வந்துதான் பதில் சொன்னேன். அகராதியில் சொல் தேடுவது அவர்களுக்குப் பந்தயமாயிற்று. தராசில் வெங்காயத்தை நிறுத்து, காயவைத்து மறுபடி நிறுத்து, குறைந்த எடை எங்கே போனது என்று சண்டையிட்டார்கள்.

புத்தகங்கள் நைந்தன. சில தாள்களில் வெங்காய வாடை, சிலவற்றில் குழம்புக் கறை. நான் ஒட்டும் தாளோடு அலைந்தேன். நீங்கள் தடுத்தீர்கள். "கிழியட்டும் மாப்ள. பளபளன்னு இருந்தா பரண்ல கெடக்குதுன்னு அர்த்தம்."

போன ஆண்டு மாசியில், வெங்காயம் ஏற்றிய வண்டி திருச்சிக்குப் புறப்பட்டுப் போன பிற்பகலில், நீங்கள் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். அதற்குப் பின் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்களுக்குச் சேர வேண்டிய சேதி அது.

இவ்வாண்டு தையில் அபிநயாவின் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய கைக்குழந்தைக்குக் காதுகுத்து. அவளுக்கு உடன்பிறந்தவர் கிடையாது. உங்கள் மடியில் வைத்துக் குத்த வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தாளாம். வெற்றிலைத் தட்டை என் பக்கம் நீட்டுவாள் என்று எதிர்பார்த்து, எனக்கு அந்த முறை கிடையாது என்று விளக்கத் தொடங்கினேன். அவள் தட்டை உங்கள் தங்கையிடம் வைத்தாள்.

"மாமா இல்லன்னா, மாமா கூடப் பொறந்தவங்க மடி இருக்குல்லங்க பெரியம்மா."

எனக்குத் தெரிந்தவரை சாத்திரத்தில் அப்படி இல்லை. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். உங்கள் தங்கை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அதிலிருந்த பத்திரிகையை என்னிடம் நீட்டி, "எந்தத் தேதிங்க?" என்று கேட்டாள். தேதியை என்னிடம் அவள் கேட்பதே அரிது.

பட்டுப் புடவை உடுத்திக்கொண்டு வந்து அந்தக் கீழத்தெரு வாசலில், எல்லோர் முன்னிலையிலும் உட்கார்ந்தாள். ஊசி பட்டதும் பையன் ஊரைக் கூட்டினான்; மடியை நனைத்தும்விட்டான். மாற்றுப் புடவை தருகிறோம் என்று பெண்கள் பதறினார்கள். இருக்கட்டும் என்றாள். பெரம்பலூர் பஸ்ஸில் சன்னலோரம் அமர்ந்து, நனைந்த மடிப்பின்மேல் கையை வைத்தபடி வந்தாள். காற்று நன்றாக வீசியது. துணி காய்ந்திருக்க வேண்டும். ஆனாலும் எங்கள் நிறுத்தம் வரும்வரை அவள் அந்தக் கையை எடுக்கவில்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டுதான், மச்சான், நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.