ஊருக்குப் போட வைத்திருந்த சட்டை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம்தானே? என் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

இங்கே ஒரு கூத்து நடந்தது. ஊருக்குப் போட்டு வரலாம் என்று நான்கு வருடமாக வைத்திருந்த நீலச் சட்டை வெளிறிப்போயிருந்தது. இந்த மாதம் லீவு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் சாயப்பொடி வாங்கினேன். வாளி வெந்நீரில் உப்பும் பொடியும் கரைத்து, சட்டையைப் போட்டு ஒரு மணி நேரம் கிளறினேன். அறையில் கூட இருக்கும் சமையல்காரர் எட்டிப் பார்த்து, "சட்டை நல்லா வெந்துடுச்சு மாப்ள, இறக்கிடு" என்றார். எல்லோரும் சிரித்தோம். சட்டை புதுசு போலவே ஆகிவிட்டது. தையல் மட்டும்தான் சாயம் ஏறாமல் வெளுப்பாகவே நின்றது.

மறுநாள் மேஸ்திரி கூப்பிட்டார். "இந்த வருஷமும் லீவு இல்லப்பா, ஆள் பத்தல" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். நேற்று அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெல்டிங் செய்தேன். பொறி பட்டு மூன்று இடத்தில் பொத்தல். இனி எதற்குப் பத்திரப்படுத்த வேண்டும் என்று தோன்றியது.

ஒரு சின்ன வேலை. பாப்பாவைச் சுவரோரம் நிறுத்தி, அவள் உயரத்துக்கு ஒரு கயிறு அறுத்துக் கவரில் வைத்து அனுப்பு. எனக்கு எதுவரை வருகிறாள் என்று வைத்துப் பார்க்க வேண்டும். போனில் தெரியவில்லை.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. அப்பா வருகிறார் என்று அவளிடம் சொல்லியிருந்தால் நீயே ஏதாவது சொல்லிச் சமாளி. என்னால் முடியாது.

உன் வீட்டுக்காரன்