ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் படிப்பு

புத்தூர்
12-6-2000

அன்புள்ள என்னவருக்கு,

நலம். பதினைந்து நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. வேலை அதிகமோ?

நம் திட்டத்துக்குப் பிரின்சிபால் கையெழுத்துப் போட்டுவிட்டார். கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றாம் வருடத்தில் எட்டுப் பேர். டிசம்பர் வரை உங்கள் கம்பெனியில் வேலை. ஜனவரியில் திரும்பி வந்து படிப்பு. விட்டுப்போகும் பாடங்களுக்கு நானே தனி டைம்டேபிள் போட்டிருக்கிறேன்.

வகுப்பில் முதலாவதாக வரும் யமுனாவை அனுப்ப அவள் அப்பா முனிகிருஷ்ணன் ஒப்பவே இல்லை. நகரிப் பக்கம் கூலி வேலை செய்கிறவர். "பொண்ண அவ்ளோ தூரம் அனுப்பிட்டு வூட்ல எப்டிம்மா இருக்கறது?" என்றார். என் வீட்டுக்காரர் அங்கேதான் மேனேஜர், பார்த்துக்கொள்வார் என்றேன். "அப்டின்னா சரிம்மா" என்று எழுந்துவிட்டார்.

ஜனவரியில் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

உங்கள் லதா

பெங்களூர்
25-6-2000

அன்பு லதா,

எட்டுப் பேரும் வந்து சேர்ந்தார்கள். யமுனா முதல் வாரமே புரோகிராமில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிபந்தனையை எழுத்தில் வைக்கக் கம்பெனி விரும்பவில்லை. நான் இருக்கும்போது எழுத்து எதற்கு?

நமக்கு வீடு பார்த்திருக்கிறேன். ஜனவரியில் நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது.

உன் திலீப்

பெங்களூர்
20-3-2001

லதா,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஐந்து பேர் திரும்பி வந்தார்கள், மூன்று பேர் ஏன் வரவில்லை என்று ஜனவரியிலிருந்து கடிதத்தில் கேட்கிறாய். சொல்லிவிடுகிறேன். இங்கேயே இருந்தால் வேலை நிரந்தரம், போனால் பிறகு இடமில்லை என்று கம்பெனி அவர்களிடம் கையெழுத்து வாங்கியது. எனக்குத் தெரியும். யமுனா என்னிடம் வந்து, "நான் இன்னா சார் பண்ணட்டும்?" என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். எதிர்த்துப் பேசியிருந்தால் என் வேலை போயிருக்கும்.

இப்போது அமெரிக்க ஆர்டர்கள் நின்றுவிட்டன. நேற்று முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மூவரும் அதில் உண்டு. நான் தப்பித்தேன். எப்படியாவது அவர்களைக் கல்லூரியில் சேர்த்துவிடு.

திலீப்

புத்தூர்
14-5-2001

அன்புள்ள உங்களுக்கு,

கல்லூரியில் முடியாது என்றுவிட்டார்கள். வருகை நாள் போதாதாம். அடுத்த வருடப் பிள்ளைகளோடுதான் உட்கார வேண்டும். இருவர் சரி என்றார்கள். யமுனா மாட்டேன் என்கிறாள். சித்தூர் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டப் போகிறாள்.

அவள் வீட்டுக்குப் போனேன். முனிகிருஷ்ணன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "வுடும்மா, நீ நல்லதுக்குத்தான சொன்ன. கம்பெனிக்காரன் தொரத்துனா சாரு இன்னா பண்ணுவாரு?" என்றார். எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நீங்களே வந்து அவரிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நான் பெங்களூர் வருவதைப் பற்றிப் பேசுவோம்.

லதா

புத்தூர்
3-9-2001

திலீப் அவர்களுக்கு,

நான்கு மாதம் ஆகப்போகிறது, பதில் இல்லை. நேற்று திருச்சானூரில் யமுனாவுக்குக் கல்யாணம். பத்திரிகையில் நம் இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் மட்டும் போனேன். மாலையும் கழுத்துமாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப கிளாஸ்ல யாரு மேடம் ஃபர்ஸ்ட்டு?" என்று கேட்டாள்.

"சாரு வரலயாம்மா?" என்றார் முனிகிருஷ்ணன். லீவு கிடைக்கவில்லை என்றேன்.

இனி நான் எழுதப்போவதில்லை.

ஸ்வர்ணலதா