இங்கிலாந்துப் பிள்ளையின் முழங்கால்

பெப். 4, செவ்வாய்
விடியப் பனி. வாசல் கதவு பாதிதான் திறந்தது. பேத்தி கவிஷாவுக்கு முழங்கால் ஒப்பரேசன் முடிந்து பதினெட்டு நாள். பத்தியம்: கத்தரிக்காய், இறால், கணவாய் இல்லை. மிளகு, உள்ளி போட்ட சரக்குக் கறி. காலை நிலத்தில் வைக்க விடவில்லை. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கட்டிலுக்கு. அவள் உதைபந்தில் கோல் அடித்தால் எங்கள் ரொக்ஸ்பரோ மைதானமே கத்தும். திரும்ப ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அவள் அறைச் சுவரில் இங்கிலாந்துக் கப்டனின் படம். பெண்பிள்ளை. நாள் முழுக்க அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்க வேண்டியவை:
எந்த ஊர்?
தகப்பனுக்கு என்ன வேலை?
கலியாணம் முடித்தவளா?

“அம்மம்மா, மாப்பிளை பேசப் போறீங்களோ?” என்று, நான் வாசித்துக் காட்டியதும் சிரித்தாள் கவிஷா. ஒப்பரேசனுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

பெப். 5, புதன்
வெயில், ஆனால் கடுங்குளிர். உப்பு முடிந்தது. மருமகன் துறைமுகத்தில் லொறி ஓடுகிறவர், இன்று பின்னேர வேலை. காலைத் தேத்தண்ணீரோடு பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, அந்த இங்கிலாந்துப் பிள்ளையைப் பற்றி ஃபோனில வாசியுங்கோ.”

சின்னதில் பெடியன்களோடு விளையாட்டு. வளர்ந்ததும் அவர்கள் அணியில் இடமில்லை என்று நிறுத்திவிட்டார்களாம். பெண்கள் அணிக்குத் தூரப் பயணம், தினமும் பஸ். பிறகு நாட்டுக்கே கப்டன். நடுவில் முழங்காலுக்குள் சவ்வு கிழிந்தது. ஒன்றல்ல, இரண்டு தரம். இரண்டு தரமும் திரும்பி வந்து கோல் அடித்திருக்கிறாள். கெட்டிக்காரி.

“என்ன பத்தியம் பிடிச்சவவாம்?”

“அதொண்டும் போடேல்லை, மாமி. ஒப்பரேசனுக்கு அடுத்த நாளே காலை மடக்கத் துவங்கினவவாம். அழுதழுது மடக்கினவவாம்.”

தேத்தண்ணீர் ஆறிவிட்டது.

பெப். 7, வெள்ளி
டவுன்டவுனில் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம். மகள் லீவு போட்டு வந்தாள். பயிற்சிக்காரி முழங்காலில் ஒரு அளவுகோல் வைத்துப் பார்த்தாள். மடங்கியது ஐம்பது பாகைதான். குறைந்தது தொண்ணூறு வந்திருக்க வேண்டுமாம். இந்த ஊர்ப் பிரெஞ்சில் நீளமாய்ச் சொன்னாள். கவிஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னவாம்?”

“இன்னும் மூண்டு கிழமைக்குள்ள மடியாட்டில், மயக்கிப்போட்டு மடக்க வேணுமாம், அம்மா. அதுக்கும் சரிவராட்டில் ஓடுறது கஷ்டமாம்.”

ஒப்பரேசன் முடிந்ததுமே ஆஸ்பத்திரியில் பயிற்சித் தாள் தந்திருந்தார்கள். “நோகுது” என்றாள் கவிஷா. “நோகுதெண்டால் விடு” என்றது நான்தான். மெட்ரோவில் மகளிடம் அதைச் சொல்லிவிட்டேன்.

“அம்மம்மா மட்டுமோ? நானும் செய்யேல்லைத்தானே” என்றாள் கவிஷா.

பிள்ளைப்பெறுவுக்குப் பிடிக்கிற பத்தியத்தை முழங்காலுக்குப் பிடித்திருக்கிறேன். ஐந்து பெற்றவள், எல்லாம் தெரியும் என்ற எண்ணம்.

பெப். 8, சனி
சன்னல் முழுக்க ஐஸ். மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு. எல்லோரும் சாப்பிட்டோம்.

பயிற்சி: குளிக்கிற துவாயைப் பாதத்தில் கொழுவித் தன் பக்கம் இழுக்க வேண்டும். பத்துத் தரம். நாளுக்கு நாலு முறை. எண்ணுவது நான். ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதற்குக் காணும்.

ஆறில், “போதும் அம்மம்மா, ப்ளீஸ்.” அவள் கண் நிறைந்துவிட்டது. என் கை துவாயைக் கழற்றப் போனது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏழு என்றேன். பிரெஞ்சில் ஏதோ ஏசினாள். நல்ல வார்த்தை இல்லை, முகத்தில் தெரிந்தது. எட்டு.

மூச்சு வாங்கியபடி சுவர்ப் படத்தைக் காட்டிக் கேட்டாள்: “அவவுக்கு ஆர் எண்ணினது, அம்மம்மா?”

“கொப்பாவை ஃபோனில பாக்கச் சொல்லுறன். ஒன்பது. இழு.”